காதில் கம்பளி

வேனை விட்டு நான் இறங்கியபோது சக்காபம்பா ஊர்ச் சதுக்கத்தில் எட்டுப் பத்துப் பேராவது நின்றிருப்பார்கள். முதுகுத் துணியிலிருந்து யோபரை அவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் ஒருவரையும் காணோம். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியும். கோபித்துக்கொள்வதையும் அப்படித்தான் செய்வார்கள்.

என்னைப் பார்த்து ஓடவில்லை. என் பிள்ளையின் தலையைப் பார்த்து ஓடினார்கள். யோபருக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி திரிதிரியாகத் தோளில் விழுந்து கிடந்தது. அப்படி ஒரு பிள்ளையும் கையில் ஒரு சாராயப் பாட்டிலுமாக ஒருத்தி ஊருக்குள் வந்தால் யாரையோ ஞானத்தகப்பன் ஆக்க வந்திருக்கிறாள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். முதல் முடியை வெட்டுங்கள் என்று பிள்ளையோடு வந்து கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தவன் வயலில் ஆலங்கட்டி விழும். வெட்டியவனும் பிள்ளையின் அப்பனும் அன்றிலிருந்து கொம்பாத்ரே. பிள்ளையின் அம்மாவும் வெட்டியவன் பெண்டாட்டியும் கொமாத்ரே. கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு போடக் கூடாது. கோர்ட்டுக்கு இழுப்பதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

நான் கேட்க வந்தது எவாரிஸ்தோவை. ஊரே கதவைச் சாத்தியதும் அதனால்தான்.

அவருடைய ஒரே மகன் நிலோ இரண்டு மாதத்துக்கு முன்னால் கணவாய் வளைவில் லாரி உருண்டு செத்துப்போனான். லாரியில் உருளைக்கிழங்கு மூட்டையும், நிலோவும், என் புருஷன் ருஃபீனோவும் மட்டும்தான். ருஃபீனோ தோள்பட்டை எலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டார். போலீஸ் கேட்டபோது, பையன்தான் ஓட்டினான் என்று சொல்லிவிட்டார். பொய். ஓட்டியது இவர்தான். ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டு போட்ட அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அழுதார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? செத்தவனை யாராலும் ஜெயிலில் போட முடியாது. உயிரோடு இருக்கிறவனைப் போடலாம். என் சூப் கடை வருமானத்தில் மாமியாருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டுவிடுவேன், ஆனால் புருஷனை எங்கே போய் வாங்குவேன்? திங்கட்கிழமை விசாரணை. பையனின் அப்பன் வந்து எதிர்த்துச் சொல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அன்று சனிக்கிழமை.

"நாலு மணிக்குக் கெளம்பிடுவேன், செனோபியாக்கா," என்றான் வேன்காரன் தொரிபியோ. "மேல பாருங்க, பெரியவர் முகத்த மூடிக்கிட்டாரு. கணவாய்ல பனி விழப்போகுது. இத விட்டா அப்புறம் செவ்வாக்கெழமதான்."

பெரியவர் என்று பனிமலையைத்தான் சொல்வார்கள். ஊரின் தலைக்கு மேலேயே நிற்கும். பாதி உடம்பை மேகம் விழுங்கியிருந்தது.

"நாலு மணிக்கு வந்துடுவேன்," என்றேன்.

"வரலேன்னா?"

"வரலேன்னா நீ போயிடு. என்னப் பெரியவர் பாத்துப்பார்."

ஊரில் திறந்திருந்த ஒரே கதவு ரொட்டிக்கடை. அடுப்பில் ரொட்டி வேகும்போது ப்ரிசிலாவால் எங்கே ஓடி ஒளிய முடியும்? மாவு படிந்த கையோடு, மாட்டிக்கொண்டோமே என்ற முகத்தோடு நின்றாள்.

"எவாரிஸ்தோ ஐயா வீட்ல இருக்காரா, அக்கா?"

"அவரா? மேய்ச்சலுக்கு மேல போயிட்டாரே."

"எப்போ?"

"போன வாரம்."

"போன வாரம் போனவர் வீட்ல இப்போ புகையுதே?"

"மெல்சோரா சமைப்பா. பொம்பளைக்குப் பசிக்காதா?"

"ஒருத்திக்குச் சமைக்கிற புகையாவா இருக்கு அது? பன்னிக்குட்டியே வாட்டலாம் போலிருக்கு."

ப்ரிசிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "வாய் மட்டும் இல்லேன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றாள். பிறகு அவள் முகம் மாறியது. "வளைவுல நெலோவுக்குச் சிலுவ நட்டோம். லாரிக்காரனுங்க புடுங்கிப் போட்டுட்டானுங்க. குடிச்சிட்டு ஓட்டிச் செத்தவனுக்குச் சிலுவ ஒரு கேடான்னு கேட்டானுங்களாம். ரெண்டு தடவ நட்டாச்சு. ரெண்டு தடவயும் பள்ளத்துல கெடந்துச்சு."

"குடிச்சான்னு நாங்க சொல்லலியே."

"ஓட்டினான்னு சொன்னீங்க இல்ல. மிச்சத்த ஊரு சொல்லிக்கும்." முறத்தால் அடுப்பின் வாயை விசிறத் தொடங்கினாள். அதற்கு மேல் என் பக்கம் திரும்பவேயில்லை.

ஆனாலும் நடந்தேன். காரியம் பெரிதா, வீரியம் பெரிதா? தெருவில் இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி வைத்த மாடங்கள், நீலக் கதவுகள், கதவுக்குக் கதவு உள்ளே மூச்சுச் சத்தம். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. குரைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

எவாரிஸ்தோ வீட்டுக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன்.

"அவரு இல்ல," என்றது உள்ளேயிருந்து பெண்குரல். நிலோவின் அம்மா மெல்சோரா.

"நீங்க இருக்கீங்களேம்மா. கதவத் தொறங்க."

"நானும் இல்ல."

"பிள்ளைக்குக் குளுருதும்மா."

கதவுக்குப் பின்னால் அவள் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "குளுருதுன்னா கீழ எறங்கிப் போ. எங்க பிள்ளைக்கும்தான் குளுரிச்சு. விடியிற வரைக்கும் பள்ளத்துல கெடந்தான்."

அப்படி என்னை வாயடைக்க வைப்பவர்கள் நான் கடை போட்டிருக்கிற கார்வாஸ் சந்தையிலேயே யாரும் கிடையாது. திரும்பிப் போய்விடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் குதிரை கனைத்தது. யாரோ அதை 'ஷ்ஷ்' என்று அடக்கினார்கள்.

பின்கட்டு வழியாக நழுவுகிறார்! மேய்ச்சலுக்குப் போகும் பாதையில் ஓடையைத் தாண்ட ஒரே ஒரு மரப்பாலம்தான். மலைக்குள் போய்விட்டால் திங்கட்கிழமை காலை வேறு பாதையில் நேராகக் கோர்ட்டில்தான் இறங்குவார். யோபரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்த உயரத்தில் ஓடுவது லேசா? நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் அரைத்ததுபோல எரிந்தது. பாலத்துக்கு நான்தான் முதலில் வந்து சேர்ந்தேன்.

அவர் குதிரையைக் கையில் பிடித்தபடி சந்து முனையில் திரும்பினார். என்னைப் பார்த்ததும் நின்றார். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். அதன் கீழே இரண்டு காதிலும் வெள்ளை வெள்ளையாக என்னவோ துருத்திக்கொண்டிருந்தது. செம்மறிக் கம்பளி. நான் கேட்பது காதில் விழுந்தால்தானே மறுத்த பாவம் வரும்? அதற்காகப் பஞ்சணைக்குப் பஞ்சு திணிப்பதுபோலத் திணித்துக்கொண்டிருந்தார் மனிதர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

"எவாரிஸ்தோ ஐயா!" என்று கத்தினேன். "இந்தப் பிள்ளைக்கு மொத முடி நீங்கதான்..."

"கேக்கல!" என்று என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். "எனக்கு ஒண்ணும் கேக்கல!"

"கேக்கலேன்னா எதுக்குய்யா பதில் சொல்றீங்க?"

"வழிய விடு!"

"விடமாட்டேன்! மொத முடி..."

மாதா கோயில் பாட்டு ஒன்றை அடித்தொண்டையில் பாட ஆரம்பித்துவிட்டார். வேறு ஒரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அவர் நிற்கவில்லை. பாடிக்கொண்டே குதிரையை முன்னால் விட்டுப் பாலத்தின் மேல் ஏற்றினார். அகலம் இல்லாத பாலம். கீழே பனி உருகிய தண்ணீர் பாறையில் மோதி நுரைத்துக்கொண்டு ஓடியது. குதிரை மிரண்டு தலையை ஆட்டியது. அவர் கண்ணில் நான் கண்டது பிடிவாதமல்ல. வெறுப்பு. இடித்துத் தள்ளிவிட்டாவது போய்விடுவார் என்று அப்போதுதான் பட்டது. பயந்துபோனேன். பிள்ளையையல்லவா கூட்டி வந்திருக்கிறேன், என்ன தாய் நான்!

குதிரையின் மார்பு என்னை முட்டியது. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். ஒரு கை யோபரை அணைத்தது, மறு கை பலகையைப் பிடித்தது. பாட்டில் கீழே பாறையில் விழுந்து உடைந்தது.

யோபர் அழவில்லை. குதிரையையும் பார்க்கவில்லை. அதன் கழுத்தைத் தாண்டி அவரைப் பார்த்துச் சிரித்தான். எவாரிஸ்தோ போட்டிருந்த ஜாக்கெட்டை அப்போதுதான் நானும் கவனித்தேன். வயசாளிகள் போடுவதல்ல அது. பெரு அணியின் சிவப்புக் கோடு குறுக்கே போட்ட பந்தாட்ட ஜாக்கெட். நிலோவினுடையது. யோபர் இரண்டு கையையும் தூக்கி நீட்டினான்.

"நெலோ!" என்றான். "நெலோ, தூக்கு!"

கம்பளிக்குள் அது கேட்டிருக்காது. ஆனால் நீட்டிய கையும் அந்த உதடும் எந்தத் தகப்பனுக்கும் புரியும். பாட்டு நின்றது. குதிரையைப் பின்னால் இழுத்தார். ஒரு காதிலிருந்து கம்பளியைப் பிடுங்கினார்.

"என்ன சொல்றான் அவன்?"

"நெலோங்கிறான் ஐயா. இந்த ஜாக்கெட்டப் பாத்துட்டான். நெலோ எங்க கடைக்கு வந்தா இவனத் தோள்ல ஏத்திக்கிட்டுத்தான் சூப்பே குடிப்பான். முடியில பாதி சூப்பு வடியும்."

அவர் அப்படியே நின்றார். அந்த ஒரு காது திறந்திருந்தது. நான் பாவிதான், காத்திருக்கவில்லை.

"எவாரிஸ்தோ ஐயா, எம்பிள்ளையோட மொத முடிய நீங்க வெட்டணும். இவனுக்கு ஞானத்தகப்பனா இருக்கணும்னு கேட்டு வந்திருக்கேன்."

கையிலிருந்த கம்பளியை ஓடையில் எறிந்தார். அது சுழன்றுகொண்டே போவதைப் பார்த்தார். "கேட்டுட்டே," என்றார்.

"கேட்டுட்டேன் ஐயா."

"கையில பாட்டில்கூட இல்ல."

"உடைச்சது உங்க குதிரைதானே."

நான் எழுந்திருக்க அவர் கை கொடுக்கவில்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். வீட்டு வாசலில் "மெல்சோரா, தொற," என்றார். எங்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்த அவள் எதுவும் கேட்காமல் உள்ளே போய் வெள்ளைத் துணியும் தட்டும் கத்தரியும் எடுத்து வந்தாள். வெறுப்பாக இருந்தாலும் முறையில் குறை வைக்கவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு கிண்ணம். ப்ரிசிலாவிடம் நான் சொன்னது சரிதான்.

எவாரிஸ்தோ கையைக் கழுவினார். யோபரை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அவன் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்து விளையாடினான். நெற்றிக்கு மேலே ஒரு திரியைப் பிடித்து, சிலுவை போட்டு, வெட்டினார். கத்தரி மழுங்கல், இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. முடியைத் தட்டில் வைத்தார்.

"கொமாத்ரே," என்றார். அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் தொண்டையை மூன்று தடவை செருமினார். "கொட்டாய்ல வெள்ளக் கடாரி ஒண்ணு நிக்குது. முடி வெட்டின மொறைக்கு அது பிள்ளையோடது. திங்கக்கெழம நான் வரமாட்டேன். கொம்பாத்ரேமேல கை நீட்டக் கூடாது."

முடிந்தது. நான் வந்த காரியம் முடிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். ருஃபீனோ வீட்டில்தான் இருப்பார். தோள் சரியானதும் மறுபடி லாரி ஏறுவார். இனி எல்லாம் முன்புபோல. என் கண்ணில் தண்ணீர் வந்தது, வெட்கம் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

சதுக்கத்திலிருந்து வேனின் ஹாரன் கேட்டது.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் மெல்சோரா. அதுவரை கதவோரம் நின்றவள் கிட்டே வந்தாள். "கொமாத்ரே ஆயாச்சு. கொமாத்ரேகிட்ட கொமாத்ரே பொய் சொல்லக் கூடாது. கீழ உங்க ஊர்லயும் அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"வண்டிய யாரு ஓட்டுனது?"

"மெல்சோரா, வேண்டாம்," என்றார் எவாரிஸ்தோ.

"நீங்க சும்மா இருங்க. நீங்க கோர்ட்டுக்குப் போகவேண்டாம். நான் அதக் கேக்கல." என் பக்கம் திரும்பினாள். "பதில் சொல்லாம போறதுன்னா போ. வேன் நிக்குது. கடாரிய நான் திரும்பக் கேக்கமாட்டேன். ஆனா பொய் மட்டும் சொல்லாத. முடி இன்னும் தட்டுல இருக்கு."

மறுபடி ஹாரன். இந்தத் தடவை நீளமாக.

பொய் எனக்குப் புதிதல்ல. போலீஸ்காரனிடம் சொன்னேன், லாரி முதலாளியிடம் சொன்னேன், சூப் குடிக்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். நாக்கு நுனியில் வழவழப்பாகத் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். அந்த அம்மாளின் முகம் எனக்கு நேரே இருந்தது. அவள் என்னிடம் எதையும் பறிக்க வரவில்லை. கொடுத்துவிட்டுக் கேட்கிறாள். ஊரையே மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த நான்தான் வசமாக மாட்டியிருந்தேன்.

"எம்புருஷன்தான் ஓட்டுனாரு," என்றேன். "தூங்கிட்டாரு."

அடுப்பில் கஞ்சி பொங்கிக் கரியில் விழுந்தது. யாரும் பானையை இறக்கவில்லை.

சொன்னதோடு விட்டிருக்கலாம். ஆனால் பாதியில் நிறுத்த முடியவில்லை. "நெலோ குடிக்கலம்மா. இவரு தூங்கக் கூடாதேன்னு வழியெல்லாம் பாட்டுப் பாடிட்டு வந்தானாம். வளைவுல வண்டி இழுத்ததும் அவன்தான் கத்தி எழுப்பி, கதவத் தொறந்து இவர வெளிய தள்ளுனது. அவன் எறங்கறதுக்குள்ள..."

மெல்சோரா மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "பாடிட்டா வந்தான்?" என்றாள். அதையே திரும்பக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, அழுதது எவாரிஸ்தோ. யோபரின் வெட்டாத முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். பிள்ளை பயந்து என்னைப் பார்த்தான். அவனை வாங்குவதற்காக நான் நீட்டிய கை பாதியில் நின்றது. அந்த நேரத்தில் அவர் மடியிலிருந்து எதையும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கொஞ்சம் பொறுத்து அவரே பிள்ளையைத் தூக்கித் தந்தார். "நான் சொன்னது சொன்னதுதான்," என்றார். "வரமாட்டேன்."

"ஐயா..."

"கொம்பாத்ரேன்னு சொல்லு. நீதானே கேட்டு வந்தே."

தொரிபியோ போகாமல் நின்றிருந்தான். திட்டிக்கொண்டேதான் கதவைத் திறந்துவிட்டான். கணவாய் ஏறும்போது பனி விழ ஆரம்பித்திருந்தது. அந்த வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். மூடவில்லை. பள்ளத்தில் ஒரு சிலுவை தலைகீழாகக் கிடந்தது.

வீட்டில் ருஃபீனோ வாசலிலேயே காத்திருந்தார். பிள்ளையின் நெற்றியில் ஒரு திரி குறைந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் உயிர் வந்தது.

"ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாரு. வரமாட்டாரு."

"சாமி!" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"அந்தம்மா கேட்டாங்க. நடந்ததச் சொல்லிட்டேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எதுக்குச் சொன்னே?" என்றார். "அவங்கதான் வரமாட்டேன்னுட்டாங்களே. அப்புறம் எதுக்குச் சொன்னே?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரும் நானும் அடுப்பைச் சுற்றி வந்தோம், பேசிக்கொள்ளவில்லை. அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். நல்லவர் அவர். என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அதை நினைத்து நினைத்து எனக்கு நெஞ்சு வெடித்தது.

திங்கட்கிழமை எவாரிஸ்தோ சொன்ன சொல் தவறவில்லை, வரவில்லை. அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "செத்த பையன் தரப்புல யாரும் இல்லையா?" என்று கேட்டார். எங்கள் வக்கீல் பேனாவை மூடினார். ருஃபீனோ கண்ணால் என்னைக் கெஞ்சினார்.

நான் எழுந்தேன்.

"நீங்க யாரும்மா?"

"ஓட்டுனவரோட பொண்டாட்டி," என்றேன். "பையன் தரப்புல வந்திருக்கேன்."